ஹாமில்டன் பூல், டெக்சாஸ்: நீந்த முடியாத நாளிலும் காசுக்குத் தகுந்த இடமா?

டெக்சாஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினுக்கு மேற்கே ஏறத்தாழ 37 கிலோமீட்டர் தொலைவில், பெடர்நேல்ஸ் ஆற்றில் சென்று சேரும் ஒரு சிற்றோடையின் மீது அமைந்திருக்கிறது ஹாமில்டன் பூல் காப்பகம். அந்த வட்டாரத்தில் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் நண்பர்களையும் வார இறுதியில் எங்கே அழைத்துச் செல்லலாம் என்று யோசிக்கும்போது முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் இதுவும் ஒன்று. பாதி வட்டமாக வளைந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைக் கூரை, அதன் விளிம்பிலிருந்து 50 அடி கீழே விழும் அருவி, அடியில் பச்சை நிறத்தில் தேங்கி நிற்கும் மடு ஆகிய மூன்றையும் ஒரே படத்தில் பார்த்துவிட்டு, குளிப்பதற்கென்றே புறப்பட்டு வருகிறவர்கள் மிகுதி. அப்படி வந்தவர்களில் பலர் நீந்த அனுமதியில்லை என்ற பலகையைக் கண்டு, கட்டணம் வீண் என்று எழுதிவிட்டுச் செல்கிறார்கள். என் மதிப்பீடு வேறு. இங்கே நாம் செலுத்தும் பணம் குளியலுக்கு ஈடாகிறதோ இல்லையோ, ஏறத்தாழ 11 முதல் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த ஒரு கடற்கரையின் குறுக்குவெட்டைப் பக்கத்தில் நின்று படிப்பதற்கு நிச்சயம் ஈடாகிறது. அந்தப் பாறையைக் கொஞ்சம் புரிந்துகொண்டு போனால், நீச்சல் ஏன் தடைபடுகிறது என்பதும் கூடவே புரிந்துவிடும்.

முதலில் கட்டணத்தையும் ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். டிராவிஸ் கவுண்டியின் பூங்காத் துறை நடத்தும் இந்த இடத்துக்கு முன்பதிவு இல்லாமல் செல்ல முடியாது. நாள் இரண்டு வேளைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: காலை 9 முதல் பிற்பகல் 1 மணி வரை ஒன்று, பிற்பகல் 2 முதல் மாலை 6 மணி வரை மற்றொன்று. வாகனத்துக்கு 12 டாலரை இணையத்தில் பதிவு செய்யும்போதே கட்டிவிட வேண்டும். வாசலில் பெரியவர் ஒருவருக்கு 8 டாலரும் 62 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு 3 டாலரும் வாங்குகிறார்கள். 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. ஆகவே தனியாகச் செல்பவருக்கு 20 டாலர் ஆகிறது என்றால், நான்கு பெரியவர்கள் ஒரே காரில் சென்றால் தலைக்கு 11 டாலர்தான். கட்டணங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால் பதிவு செய்யும் முன் அவர்களுடைய தளத்தில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. நான்கு மணி நேரம் போதுமா என்று கேட்டால், பொறுமையாகப் பாறை பார்ப்பவருக்குக்கூடத் தாராளமாகப் போதும். நீந்த அனுமதி உண்டா என்பதற்கு மட்டும் பதிவு செய்யும் நேரத்தில் யாரும் உறுதி தருவதில்லை. அன்றைய காலை நிலவரத்தைப் பொறுத்தே அது முடிவாகிறது.

இந்த இடத்தின் நிலவியலை அறிய, காரை நிறுத்துவதற்கு முன்பே கவனிக்கத் தொடங்க வேண்டும். ஹாமில்டன் பூல் சாலையில் மேற்கு நோக்கிச் செல்லும்போது இரு பக்கமும் தெரியும் குன்றுகளின் சரிவுகள் வழவழப்பாக இறங்காமல் படிப்படியாக இறங்குவதைக் காணலாம். கெட்டியான சுண்ணாம்புக்கல்லும் எளிதில் கரைந்து போகும் சுண்ணாம்புக் களியும் மாறிமாறி அடுக்கப்பட்ட கிளென் ரோஸ் பாறைத் தொகுதியின் அடையாளம் அது. டைனோசர் காலடித் தடங்களுக்குப் பெயர்பெற்ற அதே தொகுதிதான், ஆனால் அந்தப் புகழ்பெற்ற தடங்கள் இங்கிருந்து வெகு வடக்கே, அந்தப் பெயரைக் கொண்ட ஊரின் அருகில் இருக்கின்றன. நாம் பார்க்கப் போகும் பாறைகள் கிளென் ரோஸுக்கும் கீழே கிடப்பவை, எனவே அதைவிட மூத்தவை. நிறுத்துமிடத்திலிருந்து மடுவை நோக்கிக் கால் மைல் தூரம் இறங்கும் கரடுமுரடான பாதை, அந்த வகையில், காலத்தில் பின்னோக்கி இறங்கும் பாதையாகவும் இருக்கிறது.

மேலிருந்து கீழாக இறங்கினாலும் இந்த அடுக்குகளைக் கீழிருந்து மேலாகச் சொல்வதே முறை, ஏனென்றால் அவை படிந்த வரிசை அதுதான். எல்லாவற்றுக்கும் அடியில் சைகமோர் என்ற மணலும் கூழாங்கல்லும் கலந்த படிவு இருக்கிறது. மேற்கே லானோ மேட்டு நிலத்தில் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்த கருங்கற்களும் அவற்றைச் சுற்றிய பழைய சுண்ணாம்புப் பாறைகளும் அன்றைக்கே வெளியே தலைகாட்டிக்கொண்டிருந்தன. அவற்றை அரித்துவந்த ஆறுகள் கொட்டிச் சென்ற சரளைதான் சைகமோர். பிறகு தென்கிழக்கிலிருந்து கடல் மெல்ல ஏறிவந்து அந்தச் சரளையை மூடியது. ஆழம் சற்று மிகுந்த, அலையில்லாத நீரில் நுண்ணிய களிமண் படிந்து ஹேமெட் என்ற களிப்பாறை ஆயிற்று. காப்பகத்தைத் தாண்டி அதே சாலையில் சிறிது தூரம் சென்றால் பெடர்நேல்ஸ் ஆற்றைத் தாழ்வான ஒரு பாலத்தின் வழியே கடக்கும் இடம் வரும். ஹேமெட்ஸ் கிராசிங் என்று அழைக்கப்படும் அந்த இடத்தின் பெயரையே 1956இல் லோசோ, ஸ்ட்ரிக்லின் என்ற இரு நிலவியலாளர்கள் இந்த அடுக்குக்குச் சூட்டினார்கள். ஒரு பாறை அடுக்குக்குப் பெயர் தந்த இடம் அந்தப் பாறையைக் காணப் போகும் சாலையிலேயே இருப்பது அபூர்வம், ஆகையால் ஆற்றில் வெள்ளம் இல்லாத நாளில் அதுவரை போய்த் திரும்புவதை நான் பரிந்துரைப்பேன்.

களிப்பாறைக்கு மேலே இருப்பதுதான் மடுவின் கூரையாகவும் அருவியின் உதடாகவும் நிற்கும் கவ் கிரீக் சுண்ணாம்புக்கல். கடல் ஏறுவது நின்று, கரை மறுபடியும் கடல்பக்கம் நகரத் தொடங்கியபோது படிந்தது இது. அடிப்பகுதியில் சேறு கலந்த மென்மையான கல்லும், மேலே போகப் போகப் பருமனான கிளிஞ்சல் தூள்களும் இருப்பது அதனால்தான். கரை நெருங்க நெருங்க அலையின் வேகம் கூடுகிறது, வேகம் கூடினால் சேறு தங்காது, சிப்பிகள் மட்டும் உடைந்தும் உருண்டும் குவிந்து கிடக்கும். தொகுதியின் உச்சியில் அடுக்குகள் சமதளமாக இல்லாமல் மெல்லிய சாய்வோடு ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்திருப்பதைப் பார்க்கும்போது, அலை ஏறி இறங்கும் கடற்கரைச் சரிவின் கோணத்தையே பார்க்கிறோம். சுண்ணாம்புக் கடற்கரைப் படிவுகளுக்கு எடுத்துக்காட்டு வேண்டும் என்று தேடும் நிலவியல் மாணவர்களுக்குக் கவ் கிரீக் பழகிய பெயர். கரை மேலும் விலகியபின் அதன்மீது ஆற்று மணலும் செம்மண்ணும் படிந்து ஹென்செல் என்ற அடுக்கு ஆயிற்று; கடல் மறுபடி ஏறியபோது உருவானது கிளென் ரோஸ். கடல் இருமுறை வந்து போன வரலாற்றில் முதல் வருகை முழுவதையும் இந்தச் சிறு பள்ளத்தாக்கிலும் அது சேரும் ஆற்றங்கரையிலும் பார்த்து முடித்துவிடலாம்.

இப்போது புதைபடிவங்களுக்கு வருகிறேன், எனக்கு இந்த இடம் பிடித்துப்போனதற்கு அவையே காரணம். இங்கே அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது போன்ற முழு எலும்புக்கூட்டை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாந்து போவார். பாறை முழுவதுமே உடைந்த உயிர்களால் ஆனது என்பதை ஏற்றுக்கொண்டு பார்ப்பவருக்குத்தான் காட்சி விரியும். பாதையோரத்திலும் மடுவைச் சுற்றிலும் விழுந்து கிடக்கும் பெரிய பாறைத் துண்டுகளின் பக்கவாட்டை ஒரு கை தூரத்திலிருந்து பாருங்கள். சாம்பல் நிறப் பரப்பில் கோடு கோடாக, வளைந்தும் தடித்தும் தெரிபவை சிப்பி ஓடுகளின் குறுக்குவெட்டுகள். அவற்றுக்கிடையே விரல் நுழையும் அளவுக்குச் சிறு குழிகள் ஏராளமாக இருக்கும், முதல் பார்வையில் கல் அரித்துப்போனது போலத் தோன்றும். குழிக்குள் உற்றுப் பார்த்தால் வரிவரியாகப் பதிந்த அச்சு தெரியும். டிரைகோனியா போன்ற, இரண்டு ஓடுகள் மூடித் திறக்கும் இருவால்வு உயிரிகளும் நத்தைகளும் இருந்துபோன இடம் அது. இரண்டு வகைக்கும் இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பது எளிய வேதியியல்தான். சிப்பிகள் தம் ஓட்டை எளிதில் கரையாத கால்சைட் என்ற கனிமத்தால் கட்டுகின்றன. டிரைகோனியாவும் பெரும்பாலான நத்தைகளும் அதே கால்சியம் கார்பனேட்டை அரகோனைட் என்ற இன்னொரு வடிவத்தில் வைத்துக் கட்டுகின்றன. பல கோடி ஆண்டுகள் மழைநீர் ஊடுருவிய பாறையில் அரகோனைட் கரைந்து போயிற்று, கால்சைட் நின்றுவிட்டது. எனவே ஒரே கல்லில் சில உயிர்களின் ஓடே இருக்கிறது, வேறு சிலவற்றுக்கு அச்சு மட்டும் எஞ்சியிருக்கிறது. அந்த வெற்றிடங்கள்தான் இந்தக் கல்லை நீர் தேங்கும் கல்லாகவும் ஆக்குகின்றன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பாறையின் வயதை எப்படி அறிந்தார்கள் என்ற கேள்வி உடன் வரும் பிள்ளைகளிடமிருந்து கட்டாயம் எழும். கவ் கிரீக்கில் டுஃப்ரெனோயியா ஜஸ்டினே என்ற அம்மோனைட்டு கிடைத்திருக்கிறது. சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த, கணவாய்க்கு உறவான கடலுயிரிகளான அம்மோனைட்டுகள் வேகமாக வகை மாறியவை, கடலெங்கும் பரவியவை. ஆகையால் எந்த அம்மோனைட்டு எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைக் கொண்டே உலகின் தொலைதூரப் பாறைகளை ஒன்றோடொன்று பொருத்துகிறார்கள். டுஃப்ரெனோயியா கிரெட்டேசியஸ் காலத்தின் ஏப்டியன் பிரிவுக்கு உரியது என்பதால் கவ் கிரீக்கும் அந்தப் பிரிவுக்கு உரியதாகிறது; தொடக்கத்தில் சொன்ன 11 முதல் 12 கோடி ஆண்டுக் கணக்கு அப்படி வந்ததுதான். மடுவின் ஓரத்தில் நின்று அம்மோனைட்டு ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போக வேண்டாம், சிப்பியும் நத்தை அச்சுமே எளிதில் தென்படும். சுத்தியலும் உளியும் வீட்டிலேயே இருக்கட்டும், காப்பகத்திலிருந்து கல்லோ செடியோ எதையும் எடுத்துச் செல்லக் கூடாது. கைக்கு அடக்கமான உருப்பெருக்கி ஒன்றும், பக்கவாட்டில் ஒளி பாய்ச்ச ஒரு சிறு விளக்கும் போதுமானவை; கூரையின் நிழலில் கிடக்கும் கற்களைப் படிக்க அந்த விளக்கு எவ்வளவு உதவும் என்பது பயன்படுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது நீரின் கதை. கவ் கிரீக் துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த கல் என்பதால் மேலிருந்து இறங்கும் மழைநீர் அதற்குள் புகுந்து நகர்கிறது. நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் கீழ் கிளென் ரோஸ், ஹென்செல், கவ் கிரீக் ஆகிய மூன்றையும் சேர்த்து நடு டிரினிட்டி நீர்த்தேக்கம் என்று அழைக்கிறார்கள். இந்த வட்டாரத்தின் கிணறுகள் பலவற்றுக்கு அதுவே ஆதாரம். ஆனால் கீழே இருக்கும் ஹேமெட் களிப்பாறை நீரை உள்ளே விடாது. கீழே போக வழியில்லாத நீர் இரு அடுக்குகளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்து, பள்ளத்தாக்கின் சுவரில் கசிவாக வெளியே வருகிறது. மழை அறவே இல்லாத மாதங்களில் அருவி ஒரு நூலாக மெலிந்தாலும் மடுவின் நீர்மட்டம் பெரிதாகக் குறையாமல் இருப்பதற்கும், கூரையின் அடியில் எப்போதும் ஏதாவது ஓரிடத்தில் நீர் சொட்டிக்கொண்டே இருப்பதற்கும் இந்த ஏற்பாடு துணைநிற்கிறது.

அந்தக் கசிவுதான் மடுவை உண்டாக்கியதிலும் பங்கு கொண்டது என்பது என் வாசிப்பு. ஹாமில்டன் பூலைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: நிலத்தடியில் ஓடிய ஆற்றின் குவிமாடக் கூரை பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இடிந்து விழுந்ததால் இது உருவானது என்பார்கள். சொல்வதற்கு எளிதான, கேட்பவர் மனத்தில் படம் போலப் பதியும் விளக்கம் அது. ஆனால் பாறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொன்னால் ஏதோ குறைகிறது. மேலே கெட்டியான சுண்ணாம்புக்கல், கீழே ஈரத்தில் உதிரும் களிப்பாறை, இரண்டுக்கும் இடையே நீர்க்கசிவு, முன்னால் விழும் அருவியின் தெறிப்பு. இவை நான்கும் ஓரிடத்தில் இருந்தால் அடியிலுள்ள களிப்பாறை குடைந்து குடைந்து உள்வாங்கும், மேலேயுள்ள கல் தாங்குவாரின்றி நீட்டிக்கொண்டு நிற்கும், ஒரு கட்டத்தில் தன் எடையால் முறிந்து விழும். முறிந்த இடத்திலிருந்து அருவி மீண்டும் தொடங்கும், ஆனால் இந்த முறை சற்று மேலோடையில். இந்தச் சுழற்சி தொடர்ந்தால் அருவி மெல்ல மெல்லப் பின்வாங்கும், அது கடந்துவந்த வழி செங்குத்தான சுவர்களைக் கொண்ட ஒரு குறுகிய பள்ளத்தாக்காக எஞ்சும். மடுவிலிருந்து பெடர்நேல்ஸ் வரை உள்ள முக்கால் மைல் பள்ளத்தாக்கு அப்படித்தான் தோற்றமளிக்கிறது. பாறைகள் பிளந்து இடம்பெயர்ந்த பால்கோன்ஸ் பிளவு மண்டலத்தை ஒட்டி நிலம் உயர்ந்தபின் பெடர்நேல்ஸ் போன்ற ஆறுகள் தம் படுகையை ஆழமாக வெட்டத் தொடங்கின. அதில் சேரும் சிற்றோடைகள் அந்த ஆழத்தை எட்டிப் பிடிக்க அருவிகளாக இறங்க வேண்டியதாயிற்று. இடிந்து விழுந்தது உண்மை, மடுவைச் சுற்றிக் கிடக்கும் வீடளவு பாறைகள் அதற்குச் சாட்சி. ஆனால் ஒரு நாள் ஒரே இடியில் எல்லாம் நடந்து முடிந்தது போன்ற தோற்றத்தை அந்தப் பிரபலமான வாக்கியம் தந்துவிடுகிறது.

நடந்து முடியவில்லை என்பதுதான் நீந்த வருபவர்களின் மனக்குறைக்கும் காரணம். முன்பெல்லாம் அருவியின் பின்புறமாகக் கூரையின் அடியில் மடுவை முழுச் சுற்றுச் சுற்றி வரலாம். அண்மை ஆண்டுகளில் மேலிருந்து பாறைத் துண்டுகள் விழுவதால் அந்தப் பாதை மூடப்படுகிறது, நீச்சலும் தடை செய்யப்படுகிறது அல்லது ஒரு பகுதிக்குள் கட்டுப்படுத்தப்படுகிறது. கசிவுநீர் வெடிப்புகளில் புகுந்து, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து கல்லைத் தளர்த்துவது ஒரு காரணம். அடியில் தாங்கும் களிப்பாறை உள்வாங்கிக்கொண்டே போவது இன்னொன்று. எந்தச் செயல் இந்தக் கூரையைச் செதுக்கியதோ அதே செயல் இன்றைக்கும் வேலை செய்துகொண்டிருக்கும்போது, அதன் அடியில் ஆட்களை நிறுத்திவைக்க எந்த நிர்வாகமும் துணியாது. மழைக்குப் பிந்தைய தடைக்கு வேறு காரணம் உண்டு. ஓடையின் மேற்பரப்பிலுள்ள மேய்ச்சல் நிலங்களையெல்லாம் கழுவிக்கொண்டு வரும் நீரில் பாக்டீரியா அளவு உயர்ந்துவிடும். அளந்து பார்த்து, குறைந்த பிறகே திறக்கிறார்கள். இரண்டு தடைகளையும் நான் நியாயமானவை என்றே கருதுகிறேன். பதிவு செய்யும் பக்கத்தில் இந்தக் காரணங்களை இரண்டு பத்தியில் விளக்கி எழுதினால், வாசலில் எழும் சலிப்பில் பெரும்பகுதி குறையும் என்பது என் எண்ணம்.

பாறை இடிகிறது என்று மட்டும் சொன்னால் அரைக் கதைதான், இங்கே பாறை வளரவும் செய்கிறது. கூரை விளிம்பிலிருந்து தடித்த விழுதுகளாகத் தொங்குபவை குகைகளில் காணும் ஊசி போன்றவற்றைவிடப் பருத்தும் பாசி படர்ந்தும் இருக்கும். சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும் நிலத்தடி நீர் வெளிக்காற்றைத் தொட்டவுடன் அதிலிருந்த கரியமில வாயு வெளியேறிவிடுகிறது, வாயு போனபின் சுண்ணாம்பைக் கரைசலில் வைத்திருக்க நீரால் முடிவதில்லை, அது படியத் தொடங்குகிறது. பாசிகளும் மெல்லிய தண்டுடைய பெரணிகளும் அந்தப் படிவுக்குச் சாரமாக நிற்கின்றன. செடி மட்கிப்போன பிறகும் அதன் வடிவம் கல்லில் தங்கிவிடுகிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட கடற்சிப்பி கரைந்து, நேற்றைய பெரணியின்மேல் புதுக் கல்லாகப் படிவதை ஒரே பார்வையில் பார்க்க வாய்ப்பது இந்த விளிம்பில்தான். பெரணிகளுக்கு இடையே மண் உருண்டைகளால் கூடு கட்டும் பாறைத் தகைவிலான்களையும் வசந்த காலத்தில் காணலாம்.

மடுவோடு திரும்பிவிடாமல் ஓடையைப் பின்தொடர்ந்து பெடர்நேல்ஸ் வரை நடக்கும்படி வற்புறுத்திச் சொல்வேன். சைப்ரஸ் மரங்களின் நிழலில் முக்கால் மைல் தூரம். ஏற்ற இறக்கம் அதிகமில்லை, வேர்களும் கற்களும் மட்டும் கவனிக்கப்பட வேண்டியவை. கூரையாக நின்ற கவ் கிரீக் இப்போது இரு பக்கமும் உயரத்தில் சுவராகத் தெரியும், நம் காலடி ஹேமெட்டையும் தாண்டி இன்னும் மூத்த அடுக்குகளின் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும். ஆற்றங்கரையில் கிடக்கும் கூழாங்கற்களில் வெளிர்சிவப்பாகவோ படிகம் மின்னியபடியோ ஒன்று அகப்பட்டால், அது சுண்ணாம்பு நாட்டுக்குச் சொந்தமானதில்லை, மேற்கிலிருந்து உருண்டு வந்தது என்று ஊகிக்கலாம். பெரும்பாலானவர்கள் மடுவின் கரையிலேயே அமர்ந்துவிடுவதால் இந்தப் பாதையில் கூட்டமும் குறைவு.

இடத்தின் மனித வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இங்கே 8,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மனித வாழ்வின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டுக்கு முன் டோங்காவா, லிபான் அபாச்சி மக்கள் வாழ்ந்த பகுதி இது. 1860களில் நிலம் மார்கன் ஹாமில்டனுக்குச் சொந்தமாக இருந்தது, அவருடைய உடன்பிறந்தார் ஆண்ட்ரூ ஜாக்சன் ஹாமில்டன் டெக்சாஸ் ஆளுநராக இருந்தவர். 1880களில் ஜெர்மனியிலிருந்து குடியேறிய ரைமர்ஸ் குடும்பம் ஆடுமாடு வளர்க்க நிலத்தை வாங்கியது. பிறகு பொதுமக்களையும் உள்ளே அனுமதித்தது. கட்டுப்பாடில்லாத கூட்டத்தாலும் மேய்ச்சலாலும் 1970களுக்குள் செடிகொடிகள் சிதைந்துபோயின. 1985இல் 232 ஏக்கரை டிராவிஸ் கவுண்டி வாங்கிய பிறகுதான் மீட்பு தொடங்கியது. இன்று இது பால்கோன்ஸ் பள்ளத்தாக்குக் காப்பகத் தொகுப்பில் ஒரு பகுதி. நடு டெக்சாஸில் மட்டுமே கூடு கட்டும் பொன்கன்னக் கதிர்க்குருவிக்கும் புகலிடம். வேளைக்கு இத்தனை வாகனங்கள்தான் என்ற கட்டுப்பாட்டைப் பற்றி முணுமுணுப்பவர்கள் அந்தப் பழைய நிலைமையை நினைத்துப் பார்க்கலாம்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். குடிநீர் கிடைக்காது, எடுத்துச் செல்வதை நம்பித்தான் இறங்க வேண்டும். டெக்சாஸ் கோடையில் திரும்பும் ஏற்றத்தில் அதன் அருமை தெரியும். மூட்டுவலி உள்ள பெற்றோருக்கும் தள்ளுவண்டிக் குழந்தைகளுக்கும் அந்தக் கல் படிகள் உகந்தவையல்ல. ஊரிலிருந்து வந்திருக்கும் மூத்தவர்களை அழைத்துச் செல்வதற்கு முன் இதை நன்றாக யோசிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுவது, ஒரு பாறைப் பாடநூலையே விரித்து வைத்திருக்கும் இடம், பெரும்பாலும் குளிக்கும் இடமாக மட்டுமே பேசப்படுவதுதான். அந்த வகையில் பெடர்நேல்ஸின் மறுகரையில் சிறிது தூரத்தில் இருக்கும் வெஸ்ட்கேவ் காப்பகம் ஒரு படி மேல். அங்கேயும் இதே பாறை வரிசை, சுமார் 40 அடி அருவி, அருகே ஒரு சிறு குகை. நீச்சல் கிடையாது, வழிகாட்டியோடு சிறு குழுக்களாகப் பள்ளத்தாக்குக்குள் இறங்கலாம். விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும் என்பவருக்கு அதுவே பொருத்தம். தானாகப் பார்த்துத் தன் வேகத்தில் புரிந்துகொள்ள விரும்புபவருக்கு ஹாமில்டன் பூல் பொருத்தம், அதன் கூரையின் அகலமும் விழுந்த பாறைகளின் அளவும் வெஸ்ட்கேவில் இல்லை. ஒரே நாளில் காலை ஒன்று, பிற்பகல் மற்றொன்று என்று இரண்டையும் பார்க்கத் திட்டமிட்டால் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும்.

எப்போது செல்வது என்பது எதைப் பார்க்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. அருவி நிறைந்து விழும் படம் வேண்டுமென்றால் வசந்த கால மழையை ஒட்டிச் செல்லலாம், ஆனால் அந்த நாட்களில்தான் நீச்சலுக்குத் தடை அதிகம். பாறை படிக்கச் செல்பவருக்கு அருவி மெலிந்திருக்கும் குளிர்கால வார நாட்களே சிறந்தவை. திரை விலகியதால் பின்சுவரின் களிப்பாறைக் குடைவு எதிர்க்கரையிலிருந்தே தெரியும், பதிவும் எளிதில் கிடைக்கும். குடும்பத்தில் தண்ணீரில் இறங்கியே தீர வேண்டும் என்பவர் யாராவது இருந்தால், அருகிலேயே பெடர்நேல்ஸ் கரையில் இருக்கும் மில்டன் ரைமர்ஸ் பூங்காவை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆற்றில் இறங்கலாம், சுண்ணாம்புப் பாறை முகங்களில் கயிறு கட்டி ஏறுபவர்களையும் வேடிக்கை பார்க்கலாம். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன், குறைத்த ஒன்று குடிநீருக்கும் விளக்கக் குறைவுக்கும்.